தேயிலைத் தோட்டத்துப் பூச்சியைச் சிலந்திக்குக் கொடுக்காதீர்கள்

குன்னூரில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். நாய், பூனை, பசு, ஆடுதான் பெரும்பாலும் வரும். சில வருடங்களாக, செல்லமாக வளர்க்கும் டரான்டுலா என்ற பெரிய மயிரடர்ந்த சிலந்தியை டப்பாவில் போட்டு எடுத்து வருபவர்களும் உண்டு. பெங்களூரு, கோவையில் வேலை பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை கிடைத்ததும் மலைக்குத் திரும்பியவர்கள், கல்லூரிப் பிள்ளைகள். அக்கறையாகத்தான் வளர்க்கிறார்கள். எந்த இனம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை தோலுரிக்கும், எவ்வளவு ஈரம் வேண்டும் என்று எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் போடும் தீனி எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் பதில் தடுமாறும். என்னிடம் வரும் சிலந்திகளில் அநேகம் தீனி வழியாகத்தான் கெடுகின்றன.

வழக்கமாக நடப்பது இதுதான். கால்கள் வெடவெடவென்று நடுங்கும். நேராக நடக்காது, ஒரு கால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும், சில சமயம் தானாகவே கவிழ்ந்துவிடும். என்ன போட்டீர்கள் என்று கேட்டால், “ராத்திரி தோட்டத்து ஓரமா பிடிச்ச சுவர்க்கோழிதான் மேடம், இயற்கையான தீனிதானே?” என்பார்கள். ராத்திரியில் இறக்கையை உரசிக் கத்துமே, அந்தப் பூச்சிதான் சுவர்க்கோழி.

நம் மலையில் தோட்டத்து ஓரம் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் தேயிலை, அதில் செஞ்சிலந்தி, தேயிலைக் கொசு என்று பெயருள்ள, சாறு உறிஞ்சும் சிற்றுயிர்களுக்கு மருந்து. இன்னொரு பக்கம் கேரட், உருளை, முட்டைக்கோஸ், அதிலும் மருந்து. கொடைக்கானல் பக்கம் பூண்டும் பீன்ஸும் சேர்ந்துகொள்ளும். மருந்து அடித்த இடத்தில் பூச்சி எல்லாமே உடனே சாவதில்லை. கொஞ்சமாக மருந்து பட்டது மந்தமாக ஊர்ந்துகொண்டிருக்கும், கைக்குச் சுலபமாக அகப்படுவதும் அதுதான். இந்த மருந்துகளில் பல, பூச்சியின் நரம்பைத் தாக்கும்படி செய்யப்பட்டவை. சிலந்திக்கும் அதே மாதிரியான நரம்பு மண்டலம்தான். அது தீனியைக் கடித்து விழுங்குவதில்லை. செரிமான நீரை இரையின் மேல் விட்டு, கரைந்து வருவதை உறிஞ்சுகிறது. ஆகவே பூச்சியின் குடலில் இருந்ததும் உடம்பில் ஊறியதும் அப்படியே உள்ளே போகும். இப்படி நடுங்கி வரும் சிலந்திக்குக் கொடுக்க என்னிடம் மாற்று மருந்து இல்லை. இருட்டு, மிதமான சூடு, தண்ணீர், தொந்தரவு இல்லாத இடம், இவ்வளவுதான் செய்ய முடியும். சில பிழைக்கும், பல பிழைக்காது. அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் கஷ்டமாக இருக்கிறது.

மருந்தே அடிக்காத இடத்தில் பிடித்தாலும் சரியாகிவிடாது. காட்டுச் சுவர்க்கோழியின் வயிற்றுக்குள் மயிர்ப்புழு, நூற்புழு, மேலே ஒட்டிய சிற்றுண்ணிகள் எல்லாம் இருக்கலாம். வாயைச் சுற்றி வெள்ளையாகப் பசை மாதிரிப் படிந்து, தீனி எடுக்காமல் தண்ணீர்க் கிண்ணத்தருகே போய்க் குனிந்து நிற்கும் சிலந்தியில் பெரும்பாலும் நூற்புழுதான். அதற்கும் நல்ல வைத்தியம் கிடையாது.

எனவே பூச்சியை வீட்டிலேயே வளர்க்கச் சொல்கிறேன். அதில் பெரிய நுட்பம் ஒன்றுமில்லை. மலையில் பெரிய கஷ்டம் குளிர்தான்.

முதலில் ஒன்று. ஒன்றிரண்டு சிலந்தி மட்டும் வைத்திருப்பவர்கள் சுவர்க்கோழியை முட்டை வைக்கவிட்டுப் பெருக்கத் தேவையே இல்லை. வளர்ந்த டரான்டுலாவுக்கு வாரம் ஒன்றோ இரண்டோ பூச்சி போதும். ஒரு பெண் சுவர்க்கோழி தன் காலத்தில் பல நூறு முட்டை வைக்கும், அத்தனையையும் என்ன செய்வீர்கள்? சமவெளியில் நம்பகமாக வளர்ப்பவர்களிடம் பாதி வளர்ந்த பூச்சியை வாங்கி, சில வாரம் வைத்துக் கொடுப்பதே போதும். குளிரைக் கொஞ்சம் தாங்கும் மாவுப்புழு இன்னும் சுலபம். ஏழெட்டுச் சிலந்தியும் குஞ்சுகளும் வைத்திருப்பவர்களுக்குத்தான் கீழே சொல்லப்போகும் ஏற்பாடு பயன்படும்.

துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மூடியில் அகலமாக வெட்டி உலோக வலை பொருத்துங்கள். நைலான் கொசுவலை வேண்டாம், ஒரே ராத்திரியில் கடித்து வெளியே வந்துவிடும். உள்ளே அட்டை முட்டை ட்ரேக்களைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி அடுக்குங்கள், எச்சம் கீழே விழுந்துவிடும். அடியில் மண்ணோ மரத்தூளோ போட வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் அது பூஞ்சணம் பிடிக்கும். ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் அக்டோபர், நவம்பர் மழையும் மூடுபனியும். பூச்சி செத்துப்போவதற்குக் குளிருக்கு அடுத்த காரணம் இந்த ஈரமும் காற்றோட்டம் இல்லாததும்தான். பெட்டியைத் திறந்ததும் மூக்கில் காரமாக அடித்தால் உள்ளே அமோனியா சேர்ந்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே சுத்தம் செய்யுங்கள். சுத்தம் செய்யும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். சுவர்க்கோழியின் உதிர்ந்த தோலும் எச்சத் தூளும் சிலருக்கு இளைப்பைக் கிளப்பும். இறால் சாப்பிட்டால் ஒவ்வாமை வருகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், இரண்டிலும் ஒரே வகைப் புரதம் இருக்கிறது.

தீனிக்குக் கோதுமைத் தவிடும் கோழித் தீவனமும் கலந்து போடலாம். மருந்து கலக்காத தீவனமாகப் பார்த்து வாங்குங்கள். புரதமும் ஈரமும் குறைந்தால் ஒன்றையொன்று தின்ன ஆரம்பிக்கும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குஞ்சுகள் மூழ்கிச் சாகும், நனைத்த பஞ்சு வையுங்கள். காய்கறியில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ‘ஊட்டி கேரட், நல்ல ஃப்ரெஷ்’ என்று அப்படியே நறுக்கிப் போட்டு, மறுநாள் பெட்டி முழுக்கச் செத்துக் கிடக்கிறது என்று போன் செய்கிறார்கள். கேரட்டை நன்றாகக் கழுவித் தோலைச் சீவிப் போடுங்கள். முட்டைக்கோஸின் வெளி இலை வேண்டவே வேண்டாம். பச்சை ஏறிய உருளையும் வேண்டாம். என்னைக் கேட்டால் மேரக்காய்தான் (சௌசௌ) சிறந்தது. பல வீடுகளில் கொல்லையில் மருந்தே இல்லாமல் பந்தலில் காய்க்கிறது, தண்ணீர்ச் சத்தும் நிறைய. சிலந்திக்குப் போடுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு பூச்சிக்கு வயிறாரத் தீனி கொடுங்கள். பல்லி, ஓணான் வளர்ப்பவர்கள் பூச்சிமேல் கால்சியம் தூவுவார்கள். சிலந்திக்கு எலும்பு இல்லை, அதற்கு அது தேவையில்லை.

இப்போது சூடு. சுவர்க்கோழிக்கு 28 முதல் 32 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் முட்டை 10 முதல் 14 நாளில் பொரியும், குஞ்சு ஆறேழு வாரத்தில் இறக்கை முளைத்துப் பெரிதாகும். 20 டிகிரிக்குக் கீழே போனால் தின்னாது, வளராது, முட்டை அப்படியே கெட்டுப்போகும். குன்னூர் ஏறக்குறைய 1850 மீட்டர் உயரம், ஊட்டி 2240. ஜனவரியில் உறைபனி விழும் ராத்திரிகளில் ஊட்டியில் பூஜ்ஜியத்தை ஒட்டிப் போகும். இன்னும் தாழ்வான கூடலூரில் இருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை.

அறை முழுவதையும் சூடாக்க முயலாதீர்கள். பூச்சிப் பெட்டியை அதைவிடப் பெரிய தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, பக்கவாட்டில் வெப்பப் பாய் ஒன்றைத் தெர்மோஸ்டாட்டோடு பொருத்தினால் மின்சாரமும் குறைவாகத்தான் ஆகும். தெர்மாகோலைப் பூச்சி கடிக்கும், அதனால் அது வெளிப்பெட்டியாக மட்டும் இருக்கட்டும். இரண்டு மூடியிலும் காற்று போக வழி வேண்டும். உள்ளே ஒரு வெப்பமானி கட்டாயம். கோழிக்குஞ்சுக்குப் போடுகிற மாதிரி பல்பு போடுபவர்கள் பழைய இழை பல்பாகப் பார்க்க வேண்டும், எல்.இ.டி. சூடு தராது. முட்டை அட்டை காய்ந்த காகிதம், பல்பைத் தொட்டால் பற்றிக்கொள்ளும். இடையில் கம்பி வலை வைத்துத் தள்ளிக் கட்டுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரன்ட் போனால், வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் சில மணி நேரம் தாங்கும்.

பூச்சிக்காகவோ உங்களுக்காகவோ, கதவடைத்த அறையில் கரிக் கணப்பு வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆள் போய்விடும். மலையில் இப்படிப் போன உயிர்கள் உண்டு.

பெருக்குவது என்றால், ஊசி மாதிரி நீண்ட முட்டைக்குழாய் உள்ளது பெண், இறக்கையை உரசிக் கத்துவது ஆண். சிறு டப்பாவில் மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு ஈரத் தென்னை நார்த்தூள் போட்டு, மேலே கம்பி வலை மூடி உள்ளே வையுங்கள். வலை இல்லாவிட்டால் முட்டையைத் தோண்டித் தின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் அந்த டப்பாவை எடுத்து வேறொரு சூடான பெட்டியில் ஈரம் காயாமல் வைத்தால் போதும். சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகிறதே என்று கவலைப்படுபவர்கள், இறக்கை முளைப்பதற்கு முன்பே தீனிக்கு எடுத்துவிடுங்கள். அதுவரை கத்தாது.

ஒரு நாள் திடீரென்று பூச்சிகள் மல்லாந்து கிடந்து காலை மட்டும் ஆட்டினால், குஞ்சுகள் வளராமலே நின்றுவிட்டால், வைரஸாக இருக்கலாம். வீட்டுச் சுவர்க்கோழி என்ற வகையைத் தாக்கும் டென்சோவைரஸ் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பெரிய பண்ணைகளையே காலி செய்திருக்கிறது. மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். எல்லாவற்றையும் ஃப்ரீசரில் வைத்துக் கொன்று, ட்ரேக்களை எரித்து, புதுப் பெட்டியில் தொடங்குங்கள். கறுப்புச் சுவர்க்கோழி என்ற இன்னொரு வகை இந்த வைரஸை நன்றாகத் தாங்குகிறது.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் விஷத்தையும் சொல்ல வேண்டும். கொசுவத்தி, சுவரில் செருகும் கொசு மருந்து, கரப்பான் ஸ்ப்ரே மூன்றும் பெட்டி இருக்கும் அறைக்குள் கூடாது. பலருக்குத் தோன்றாதது நாய்க்கு விடும் உண்ணி மருந்து. கழுத்தில் சொட்டு விடுகிறோமே, அதில் ஃபிப்ரோனில், பெர்மெத்ரின் போன்றவை இருக்கும். நாயைத் தடவிய கையோடு பூச்சிப் பெட்டியில் கை விட்டால் போதும், பூச்சியும் போகும், சிலந்தியும் போகும். நானே சொட்டு மருந்து விட்டு அனுப்பும்போது, வீட்டில் சிலந்தி, மீன் உண்டா என்று கேட்டுவிடுகிறேன்.

சரி, சிலந்திக்குப் போடும் முறை. பூச்சி சிலந்தியின் வயிற்றுப் பகுதியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. 24 மணி நேரத்தில் எடுக்காவிட்டால் பூச்சியை வெளியே எடுத்துவிடுங்கள். தோலுரிக்கும் சிலந்தி மெத்தென்று, அசைய முடியாமல் மல்லாந்து கிடக்கும். பசித்த சுவர்க்கோழி அதைக் கடித்துத் தின்னும். அப்படிக் கால் போன சிலந்திகளையும் வயிறு கிழிந்தவற்றையும் பார்த்திருக்கிறேன். தோலுரித்த பிறகு நச்சுப்பல் முதலில் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவந்து, கறுக்கும். நன்றாகக் கறுக்கும் வரை தீனி வேண்டாம், பெரியதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். குளிர்காலத்தில் பெரிய சிலந்தி வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூடத் தின்னாமல் இருக்கும். வயிறு உருண்டையாக இருக்கிறவரை பயப்படாதீர்கள். தண்ணீர்க் கிண்ணம் மட்டும் காயக் கூடாது. சிலந்தி காலை நீட்டுவதே உடம்புத் திரவத்தின் அழுத்தத்தால்தான். எட்டுக் காலும் உள்ளே மடங்கினால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

மிஞ்சிய பூச்சியைக் காட்டில் விடாதீர்கள், சிலந்தியையும் விடாதீர்கள். வெளியிலிருந்து வந்த உண்ணிச்செடியும் சீகை மரமும் நம் சோலைக்கும் புல்வெளிக்கும் என்ன செய்தன என்று கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதேபோல் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரப்பொந்துகளில் வாழும் பொசிலோதீரியா சிலந்திகளைப் பிடித்து வருவதும் வேண்டாம். அந்தப் பேரினம் முழுவதும் 2019 முதல், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, சிவப்பு முழங்கால் மெக்சிகன் சிலந்தி அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். 2024 விதிகளின்படி பரிவேஷ் என்ற மத்திய அரசு இணையதளத்தில் செய்யலாம். வாங்கும் இடத்திலேயே ரசீதைக் கேட்டு வாங்குங்கள், எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

சிலந்திக்கு ஏதாவது என்று மருத்துவரிடம் கிளம்பும்போது, அதே பெட்டியிலிருந்து நாலைந்து பூச்சியைத் தனி டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். செத்தது இருந்தால் அதுவும் வேண்டும். கடைசியாக என்றைக்குத் தீனி எடுத்தது, என்றைக்குத் தோலுரித்தது, பூச்சிக்கு என்ன காய் போட்டீர்கள், வீட்டில் அந்த வாரம் என்ன மருந்து அடித்தீர்கள், நாய்க்குச் சொட்டு விட்டீர்களா என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். டப்பாவைத் துணியில் சுற்றி, வண்டியில் குலுங்காமல், குளிர்க்காற்று படாமல் மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.