மாதவிடாய் நின்றவருக்கு லெட்ரோசோல் எதற்கு?

மன்னார்குடிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். லெட்ரோசோல் சீட்டோடு வரும் வயதான அம்மாக்கள் பலர் தயங்கித் தயங்கிக் கேட்பது: "தம்பி, இது புள்ளை இல்லாதவங்களுக்குக் குடுக்குற மாத்திரையாமே, எனக்கு எதுக்கு?" பக்கத்து வீட்டு மருமகளுக்கும் அதே 2.5 மில்லிகிராம்தான் எழுதியிருப்பார்கள். இந்தக் குழப்பத்தில் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு என்பதால்தான் எழுதுகிறேன்.

அந்த அம்மாக்களுக்கு இதை எழுதுவது மார்பகப் புற்றுநோய்க்காக. அந்தப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனால் வளர்பவை. மாதவிடாய் நின்றால் சினைப்பை ஓய்ந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் முழுதாக ஓயாது. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி அனுப்பும் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனை, கொழுப்பிலும் தசையிலும் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த நொதிக்குள் ஓர் இரும்பு அணு உண்டு. லெட்ரோசோல், அதே வகை மாத்திரையான அனஸ்ட்ரோசோல் இரண்டிலும் உள்ள நைட்ரஜன் அந்த இரும்பைப் பிடித்துக்கொள்வதால் ஆண்ட்ரோஜனுக்கு இடமில்லாமல் போகிறது, ஈஸ்ட்ரோஜன் உருவாவது குறைகிறது. இந்த வகையில் மூன்றாவது மாத்திரையான எக்ஸிமெஸ்டேன் ஆண்ட்ரோஜனை ஒத்த உருவம். உள்ளே நுழைந்து நொதியை நிரந்தரமாக முடக்கிவிடும்.

இதே வேலைக்கு முன்பு இருந்த அமினோகுளூட்டெதிமைடு என்ற மருந்து, உடம்புக்கு அவசியமான கார்டிசால் என்ற ஹார்மோன் உற்பத்தியையும் சேர்த்து அடைத்தது. அதை ஈடுகட்ட, கூடவே ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்தும் கொடுக்க வேண்டியிருந்தது. அரோமடேஸை மட்டும் தடுக்கும் மூலக்கூறைத் தேடியதில் 1990களில் வந்தவை இந்த மூன்றும். மனித அரோமடேஸின் படிக அமைப்பு, அதாவது அணு அணுவாக அதன் வடிவம், தெரிந்ததே 2009இல்தான். அதைப் பார்க்காமலே இவ்வளவு நுணுக்கமாகச் செய்தார்களே என்று இன்றும் மலைத்துப்போகிறேன்.

அந்த மருமகளின் கதை வேறு. சில நாள் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளை விழித்துக்கொண்டு சினைப்பையைத் தூண்டும், கருமுட்டை வளரும். இதே காரணத்தால்தான், மாதவிடாய் நிற்காதவரின் புற்றுநோய்க்கு இந்த மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுப்பதில்லை. சினைப்பையை அடக்கும் மருந்தும் சேர வேண்டும்.

இனி வலி. காலையில் விரல் மடங்காது, முட்டி பிடித்துக்கொள்ளும். 'காலமெல்லாம் நடவு நட்ட உடம்பு' என்று நம் பெண்கள் பொறுத்துக்கொள்வார்கள், பிறகு சொல்லாமல் மாத்திரையை விட்டுவிடுவார்கள். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வருகிற வலி அது. டாக்டரிடம் சொன்னால் இதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்ப்பார். எலும்பும் தேயும் என்பதால் எலும்பு அடர்த்திச் சோதனை, கால்சியம், வைட்டமின் டி பற்றியும் கேளுங்கள். பெரும்பாலும் 5 ஆண்டு, தினம் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பஸ் ஓடாது. புரட்டாசியிலேயே ஒரு மாதத்துக்குக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.