பாடத்தின் பெயரைப் பார்த்து டிக் அடிக்காதீர்கள்

கலிபோர்னியாவில் ஒரு கத்தோலிக்கப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கவுன்சலராக இருக்கிறேன். பிப்ரவரி வந்தால் அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவத்தோடு பெற்றோர் வரத் தொடங்குவார்கள். கணக்கிலும் அறிவியலிலும் அரைமணி நேரம் மல்லுக்கட்டுவார்கள். கீழே எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடக் கட்டத்துக்கு வந்ததும் கார் சாவியைக் கையில் எடுத்துவிடுவார்கள். "அது எதுவா இருந்தா என்னங்க, ஈஸியா ஒண்ணு போட்டுடுங்க." நம் தமிழ்ப் பெற்றோர் பலரிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய வரி இது.

ஈஸியான பாடத்தை எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிள்ளைக்கும் மூச்சு விட இடம் வேண்டும். ஆனால் பாடத்தின் பெயரை வைத்து ஈஸியா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் பள்ளியிலேயே 'இலக்கியத்தில் பெண்கள்' என்று ஒரு எலெக்டிவ் உண்டு. ஓர் ஆண்டு அதை எடுத்த ஆசிரியை ஐந்து புத்தகங்களை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வைத்தார். அடுத்த ஆண்டு வேறொருவர் வந்தார். பத்துப் பதினைந்து துண்டுப் பகுதிகள், இரண்டு திரைப்படங்கள், ஒரு போஸ்டர், அவ்வளவுதான். டிரான்ஸ்கிரிப்ட் என்கிற மதிப்பெண் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கிரெடிட். உள்ளே நடந்ததோ முற்றிலும் வேறு. அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: "இந்த வகுப்பில் எந்தெந்தப் புத்தகங்களை முழுசாகப் படிக்க வேண்டும்?"

தியாலஜியிலும், அதாவது இறையியல் பாடத்திலும் இதே கதைதான். கத்தோலிக்கப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் பிள்ளை எந்த மதமானாலும் நான்கு ஆண்டும் தியாலஜி கட்டாயம். அதில் தேர்வு செய்ய என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம். இருக்கிறது. அமெரிக்கக் கத்தோலிக்க பிஷப்புகளின் அமைப்பான ஆயர் பேரவை 2007-ல் ஏற்றுக்கொண்ட பாடத்திட்ட வரைவில் கட்டாயப் பாடங்கள் 6. ஒவ்வொன்றும் ஒரு செமஸ்டர். நான்கு ஆண்டுக்கு 8 செமஸ்டர். மிச்சமிருக்கும் இரண்டுக்கு 5 விருப்பப் பாடங்கள்: விவிலியம், திருச்சபை வரலாறு, சமூகத்தில் கிறிஸ்தவ வாழ்வு, இறையழைத்தல், பிற சபைகளோடும் பிற சமயங்களோடும் உரையாடல். எல்லாப் பள்ளியிலும் ஐந்தும் நடக்காது, ஆனால் பெரும்பாலும் இரண்டு மூன்றாவது இருக்கும்.

இந்து வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் கடைசியைத்தான் எடுப்பார்கள், நம்ம விஷயமும் கொஞ்சம் வரும் என்று. நான் திருச்சபை வரலாற்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்வேன். போதனையில் சிறந்த புனிதர்களுக்குத் தரும் 'திருச்சபையின் மறைவல்லுநர்' என்ற பட்டம் இதுவரை நான்கு பெண்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது. அவிலா தெரசாவுக்கும் சியன்னா கத்தரீனுக்கும் 1970-ல், லிசியூ தெரேசாவுக்கு 1997-ல், பிங்கனின் ஹில்டகார்டுக்கு 2012-ல். பாடநூலில் இவர்களைப் பற்றி ஆளுக்கு இரண்டு வரி இருக்கும், தேர்வுக்கு அது போதும். ஆனால் நல்ல ஆசிரியர் இவர்கள் எழுதியதையே கையில் கொடுப்பார். மன்னர்களுக்கும் போப்பாண்டவருக்கும் நேரடியாகக் கடிதம் எழுதியவர்களும் இவர்களில் உண்டு; அவர்களை அவர்கள் வார்த்தையிலேயே படிப்பது வேறு அனுபவம். எந்த ஆசிரியர் எதைச் செய்வார் என்பது சிலபஸைக் கேட்டால்தான் தெரியும்.

கல்லூரி பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு ஏ முதல் ஜி வரையான பிரிவுகளில் 15 ஓராண்டுப் பாடங்களைக் கேட்கிறது. அதில் ஆங்கிலம் மட்டும் 4, வரலாறு 2, கலை 1, எலெக்டிவ் 1. பள்ளி சொல்லிக்கொடுக்கும் எல்லாமே அதில் எண்ணிக்கைக்கு வராது. தியாலஜி வகுப்புகள் பல அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்காது. ஒவ்வொரு பள்ளிக்குமான பட்டியலும் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இனி கட்டாய வாசிப்பு. கோடை விடுமுறைப் பட்டியல் ஜூனில் கைக்கு வரும். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வீட்டில் புத்தகம் தேடும் படலம் தொடங்கும். அப்புறம் சுருக்கத்தைப் படித்துச் சமாளிப்பார்கள். இப்போது அந்தச் சுருக்கத்தைச் செயலியே எழுதிக் கொடுத்துவிடுகிறது. பள்ளியின் முதல் வாரத் தேர்வில் இது ஓடிவிடும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) ஆங்கில இலக்கியத் தேர்வில் மூன்றாவது கட்டுரைக்கு எந்தப் பகுதியும் தரமாட்டார்கள். ஒரு கேள்வி இருக்கும், கூடவே சில நூல்களின் பெயர்கள் இருக்கும். தான் படித்த ஒன்றை நினைவிலிருந்து எடுத்து வாதிட வேண்டும். சுருக்கம் படித்த பிள்ளைக்குக் கதை தெரியும், ஆனால் எடுத்துக்காட்ட ஒரு காட்சிகூட நினைவில் இருக்காது.

போன வருடம் ஒரு தந்தை கொஞ்சம் கோபமாகவே வந்தார். சோபோகிளீஸின் 'அந்திகோனே' கட்டாய வாசிப்பு. "ரெண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தின நாடகம். இவ கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போறவ. எதுக்கு மேடம் இது?" மகள் பக்கத்தில் உட்கார்ந்து பைஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். "புத்தகம் இருக்காம்மா?" என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். இறந்த அண்ணனைப் புதைக்கக் கூடாது என்பது மன்னன் கிரெயோனின் ஆணை. மீறிப் புதைக்கலாம் வா என்று அந்திகோனே கூப்பிடுகிறாள். நாம் பெண்கள், ஆண்களோடு மோத முடியாது என்று தங்கை இஸ்மீன் பின்வாங்குகிறாள். அந்தப் பக்க ஓரத்தில் பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தது: 'இது எங்க அக்கா.' சில பக்கம் தள்ளி, கிரெயோன் பேசும் இடத்தில்: 'அவனும் தப்பா சொல்லல.' அதை அடித்துவிட்டுக் கேள்விக்குறி போட்டிருந்தாள்.

புத்தகத்தை அப்பாவிடம் நீட்டினேன். அவர் முதல் குறிப்பில் கொஞ்ச நேரம் நின்றார். "அக்கா பேரை எதுக்கு இதுல இழுத்த?" என்று மட்டும் கேட்டார். மகள் பதில் சொல்லவில்லை. கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் ஏன் இந்த நாடகத்தைக் கொடுக்கிறார்கள் என்பதற்கு நான் அன்றைக்கு ஒரு பெரிய விளக்கம் வைத்திருந்தேன். சொல்லத் தேவைப்படவில்லை.

எல்லாப் பிள்ளைகளும் இப்படி ஓரத்தில் எழுதுவதில்லை, அதுவும் உண்மை. மாதக்கணக்காகத் திறக்காத புத்தகங்களையும் பார்த்திருக்கிறேன், புது வாசனைகூடப் போயிருக்காது.

பிப்ரவரியில் தவறவிட்டவர்களுக்கு ஆகஸ்டில் இன்னொரு வாய்ப்பு உண்டு. பள்ளி திறந்து முதல் ஓரிரு வாரம் வகுப்பை மாற்றிக்கொள்ள அனுமதிப்போம். பள்ளிக்குப் பள்ளி நாள் கணக்கு மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாளே ஆசிரியர் சிலபஸ் கொடுத்துவிடுவார். அதில் புத்தகப் பெயர்களோடு, எத்தனை கட்டுரை, திருத்தித் திரும்ப எழுத விடுவார்களா என்பதும் இருக்கும். மகளிடம் கேட்டால் "ஒண்ணும் தரலையே" என்பாள். பைக்கு அடியில், சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே நாலாக மடிந்து கிடக்கும்.