மலை இறங்கிய பத்தாம் நாள் வரும் காய்ச்சல்: தாஹான் ஏறும் தம்பதிகளுக்கு

பகாங்கின் மெந்தகாப் பக்கம் காய்ச்சலோடு கிளினிக்குக்கு வரும் இளம் தம்பதிகளிடம் நாங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "போன ஒரு மாசத்துல காடு, ஆறு, நீர்வீழ்ச்சின்னு எங்கயாவது போனீங்களா?" மலை ஏறி இறங்கி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, படங்களையும் போட்டாயிற்று. அந்தப் பயணத்துக்கும் இந்தக் காய்ச்சலுக்கும் தொடர்பு இருக்கும் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. கேட்காவிட்டால் சொல்லவும் மாட்டார்கள்.

எலிச் சிறுநீர்க் காய்ச்சலின் கிருமி உடம்புக்குள் புகுந்த பிறகு, நோயாக வெளிப்படப் பெரும்பாலும் 5 முதல் 14 நாள் பிடிக்கும். 2 நாளிலும் வரலாம், 30 நாள் கழித்தும் வரலாம். எலி, காட்டு விலங்குகள் ஆகியவற்றின் சிறுநீர் ஆற்றிலும் சேற்றிலும் கலந்து, தோல் கிழிந்த இடம், கண், வாய் வழியாக உள்ளே போகிறது. திடீர்க் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, சிவந்த கண், தொட்டாலே துடிக்கும் கெண்டைக்கால் ஆகியவை இதன் அடையாளங்கள். ஏமாற்றிவிடுவது அந்தக் கெண்டைக்கால் வலிதான். "மலை ஏறினோம்ல, அதான்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். நடந்ததால் வந்த வலி மூன்று நான்கு நாளில் தணியத் தொடங்கும். தணிந்த வலி காய்ச்சலைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தால், அன்றைக்கே கிளினிக்குக்கு வாருங்கள். ஆரம்பத்தில் டாக்சிசைக்ளின் மாத்திரையோடு அடங்கக்கூடிய நோய் இது. கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு தெமெர்லோ பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்க்க முடியும்.

2010ஆம் ஆண்டு, நமக்குப் பக்கத்து மாரானில் லூபுக் யூ நீர்வீழ்ச்சிப் பகுதியில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களுக்கு இந்த நோயும் மெலியோய்டோசிஸ் என்ற மண்கிருமி நோயும் சேர்ந்து தாக்கி, உயிர்கள் போயின. அதே ஆண்டு இறுதியில்தான் எலிச் சிறுநீர்க் காய்ச்சலை மருத்துவர்கள் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி வந்தது.

இன்னொன்று குரங்கு மலேரியா. காட்டுக் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வருவது. இந்தக் கிருமி ரத்தத்தில் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் நிலைமை வேகமாக மோசமாகும். "காட்டுக்குப் போய் வந்தோம்" என்று நீங்கள் சொன்னால்தான் ரத்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து மலேரியா பார்க்கத் தோன்றும். இல்லாவிட்டால் டெங்கிச் சோதனையோடு நின்றுவிடும்.

சோதனை முடிவு தெரியும் வரை பனடோல் (பாராசிட்டமால்) தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். பொன்ஸ்தான், வோல்தரன், புருஃபென் எல்லாம் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்ப்பவை. டெங்கியாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டும். மலையிலும் அப்படியே. தண்ணீர் வற்றிய உடம்போடு முட்டி வலிக்கு இவற்றை விழுங்குவது சிறுநீரகத்துக்கு இரட்டை அடி.

இனி மலைக்கு வருவோம். குனோங் தாஹான் 2,187 மீட்டர், மலேசியத் தீபகற்பத்தில் அதைவிட உயரமான மலை இல்லை. மெராப்போ வழியாக மூன்று நான்கு நாள் ஆகும். வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானின் பெர்மிட்டும் வழிகாட்டியும் வேண்டும். 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். மெந்தகாப்பில் 32 டிகிரி அடிக்கும் மதியத்தில் உச்சியில் 19 அளவில்தான் இருக்கும். அதில் மழையும் காற்றும் சேர்ந்தால், நம் வெயிலிலேயே வளர்ந்த உடம்பு விறைத்துப்போகும்.

குளிரில் விறைப்பவருக்குத் தன் நிலைமை தெரியாது, அறிவு மங்கிவிடும். கூட இருப்பவர்தான் பார்க்க வேண்டும். விடாத நடுக்கம், கால் இடறுவது, பேச்சுக் குழறுவது, ஜிப்பைக்கூட இழுக்க முடியாத விரல்கள். மனைவி "ஒன்னும் இல்லைங்க, வாங்க போலாம்" என்று குழறலாகச் சொன்னால் அந்தப் பேச்சை நம்பாதீர்கள், அங்கேயே நில்லுங்கள். நடுக்கம் தானாக நின்றுபோனால் அது தேறியதற்கு அறிகுறி அல்ல, ஆபத்து. காற்று படாத இடத்தில் கூடாரம் போட்டு, ஈரத்துணி முழுவதையும் கழற்றி, துடைத்து, கீழே பாய் விரித்து, இருவரும் ஒரே தூக்கப்பைக்குள் ஒண்டிக்கொள்ளுங்கள். விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான சூடான மைலோ. கை காலைப் பரபரவென்று தேய்க்க வேண்டாம், மதுவும் வேண்டாம். இதற்காகவே ஆளுக்கு ஒரு செட் உலர்ந்த உடை, காலுறையோடு, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வையுங்கள். எவ்வளவு ஈரமானாலும் நடக்கும்போது அதைத் தொடக்கூடாது.

அப்படிக் குளிர்கிறதே என்று கேஸ் அடுப்பையோ கரியையோ கூடாரத்துக்குள் மூட்டிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம். இருவர் மட்டும் படுத்திருக்கும் கூடாரத்தில் எழுப்ப மூன்றாவது ஆள் இல்லை.

காலுக்கு நம் பால்மரத் தோட்டத்தில் போடும் கம்போங் அடிடாஸ் ரப்பர் சப்பாத்தே போதும், தண்ணீர் வடிந்துவிடும், சேற்றில் வழுக்காது. உள்ளே அட்டைக் காலுறை. அட்டை கடித்தால் பிடுங்காமல் நகத்தை அதன் வாய்ப்பக்கம் செருகித் தள்ளிவிட்டு, கழுவி, பிளாஸ்டர் ஒட்டுங்கள். ரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. ரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். காயத்தோடு ஆற்றில் குளிக்காதீர்கள். குடிக்கும் தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம், உச்சிக்குப் பக்கத்து முகாம்களில் மூன்று நிமிடம்.

ஆற்று நீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் மேலே மழை, கெப்பாலா ஆயர் என்ற திடீர் வெள்ளம் வருகிறது. பானை சட்டியை எடுக்க நிற்காமல் இருவரும் மேட்டுக்கு ஏறுங்கள்.

பெண்கள் பலர் ஒதுங்க இடம் இல்லை என்று தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். இறங்கிய மறுநாள் சிறுநீர் எரிச்சலோடு வருவது இதனால்தான். கணவர் போஞ்சோ மழைப்போர்வையை விரித்துப் பிடித்தால் மறைவு கிடைத்துவிடும், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நாளுக்கு மூன்று லிட்டர், அதில் ஒரு பங்கு உப்புச் சர்க்கரைக் கரைசல்.

நம் குடும்பங்களில் நீரிழிவு அதிகம், முப்பதுகளிலேயே மருந்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கிளிக்கிளசைட் என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு எட்டு மணி நேரம் ஏறினால் சர்க்கரை இறங்கிவிடும். அளவை மாற்றுவது பற்றி இரண்டு வாரத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். சர்க்கரை 4 mmol/Lக்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். சீனிப் பொட்டலமும் சோதனைக் கருவியும் இருவர் பையிலும் இருக்கட்டும், ஒரு பை ஆற்றோடு போனாலும் இன்னொன்று மிஞ்சும். இரவில் கணவரின் பாதத்தை மனைவியும், மனைவியின் பாதத்தைக் கணவரும் டார்ச் அடித்துப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் உடைந்தாலும் வலிக்காது.

கிளம்புமுன் வீட்டில் இருப்பவரிடம் ஒரு தாள் கொடுங்கள். பாதை, வழிகாட்டியின் எண், திரும்பும் நாள், இருவரின் மருந்துப் பெயர்கள், எந்த நேரம் வரை அழைப்பு வராவிட்டால் 999க்குக் கூப்பிட வேண்டும் என்பது. திரும்பி வந்ததும் அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல் காலண்டர் பக்கத்தில் செருகி, 30ஆம் நாளை வட்டமிடுங்கள். அதற்குள் இருவரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் தாளோடு கிளினிக்குக்கு வாருங்கள்.