காலைல பறக்குற லேப்டாப்பு மத்தியானம் ஏன் படுத்துக்கிடுது?

திருநெல்வேலிப் பக்கம் முக்கூடல்ல எங்க மாமா ஒரு பீடிக்கடைல கணக்கு பாக்காரு. பீடிக்கடைன்னதும் வெளியூர்க்காரங்க பீடி விக்கிற பெட்டிக்கடைன்னு நெனச்சுக்கிடுவாங்க, இங்கன அர்த்தம் வேற, வீட்ல இருந்து பீடி சுத்துற பொம்பளையாளுங்க இலையும் தூளும் வாங்கிட்டுப் போயி, சுத்துன பீடிய கொண்டாந்து குடுக்கிற எடம் அது. தகரக் கூரை, ஒரு மேசை, அது மேல ஒரு லேப்டாப்பு. காலைல 9 மணிக்கு தொறந்தா பறக்கும், மத்தியானம் சாப்ட்டுட்டு வந்து உக்காந்தா எக்செல்ல ஒரு வரி கீழ எறங்குறதுக்கே மூச்சு வாங்கும். வைரஸ்னு சொல்லி ஒரு கடைல ஃபார்மேட் போட்டுக் குடுத்தாங்க, காசு போனதுதான் மிச்சம், ரெண்டு நாள்ல மறுபடி அதே கதை.

நான் போன நேரம் சித்திரை வெயிலு. "காலைல நல்லாத்தான மாமா ஓடுது?"ன்னு கேட்டேன். "ஆமா மருமவனே, வெயில் ஏறுனா இதுக்கும் கண்ணக் கட்டும் போல"ன்னு சொன்னாரு. வெளையாட்டுக்குத்தான் சொன்னாரு, ஆனா விஷயமே அதுதான்.

லேப்டாப்பு இழுக்குற கரண்டு கடைசில எங்க போவுதுன்னு யோசிச்சுப் பாருங்க. மிக்ஸின்னா அரைக்கி, மோட்டார்னா தண்ணிய மேல ஏத்துது. லேப்டாப்பு கணக்கு போடுது, சரி, ஆனா உள்ள போன 40 வாட்டும் கொஞ்ச நேரத்துல சூடாத்தான் வெளிய வரணும், வேற வழி கெடையாது. பழைய 40 வாட் குண்டு பல்ப தொட்டவங்களுக்கு அது எவ்ளோ சூடுன்னு தெரியும். இங்க அதுல பெரும்பங்கு ஒரு நகக்கண் அளவு சிலிக்கான் சில்லுக்குள்ள, ப்ராசஸர்னு சொல்லுதாங்களே, அதுக்குள்ள பொறக்குது. அந்தச் சில்லு சூட்ட வெளிய தள்ளலன்னா தானே வெந்து போயிரும், அதனால கம்பெனிக்காரன் ஒரு காவல் வச்சிருக்கான். நெறைய இன்டெல் சில்லுகள்ல அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ் பக்கம். அதத் தொட்டா சில்லு தன் வேகத்த தானே கொறச்சுக்கிடும், ஒரு செகண்டுக்கு 300 கோடி தடவ துடிக்கிறது நூத்தி சொச்சம் கோடிக்கு எறங்கிரும். அப்பவும் சூடு அடங்கலன்னா பட்டுன்னு ஆஃப் ஆயிரும். மாமா பாத்த 'ஹேங்கு' இதுதான், வைரஸும் இல்ல ஒண்ணும் இல்ல.

சரி, மத்தியானம் மட்டும் ஏன்? சூடு எப்பவும் கூடுன எடத்துல இருந்து கொறஞ்ச எடத்துக்குத்தான் போவும், எவ்ளோ வித்தியாசம் இருக்கோ அவ்ளோ வேகமா போவும். காலைல ரூம்ல 28 டிகிரின்னு வச்சுக்குவோம், சில்லோட எல்லை 100, நடுவுல 72 டிகிரி எறக்கம் இருக்கு. மத்தியானம் தகரத்துக்குக் கீழ 39, எறக்கம் 61 ஆயிட்டு. அப்போ அதே ஃபேனு அதே வேகத்துல சுத்துனாலும் வெளிய தள்ளுற சூடு கிட்டத்தட்ட 15 சதவீதம் கொறஞ்சு போவும். புது லேப்டாப்பு இத சமாளிச்சுக்கிடும், தூசி பாதி அடைச்சுப் போன லேப்டாப்பால முடியாது. நெறைய லேப்டாப்போட கையேட்டுல 10 டிகிரில இருந்து 35 டிகிரி வரைக்கும் உள்ள எடத்துல பயன்படுத்துங்கன்னுதான் போட்டிருக்கும், பாளையங்கோட்டைல மே மாசம் வெயில் அந்த 35-அ சாதாரணமா தாண்டிரும், யாருக்குச் சொல்ல?

மாமா ஒரு டேபிள் ஃபேன லேப்டாப்பு பக்கம் திருப்பி வச்சிருந்தாரு. நமக்கு ஃபேன் காத்து குளுகுளுன்னு இருக்கதுக்குக் காரணம் வேர்வை, அது ஆவியாகும்போது ஒடம்புச் சூட்ட எடுத்துட்டுப் போவுது. லேப்டாப்புக்கு ஏது வேர்வை? 39 டிகிரி காத்த எவ்ளோ வேகமா அடிச்சாலும் அது 39 டிகிரி காத்துதான். பக்கத்துல தேங்கி நிக்கிற சூட்ட நகத்தும், அவ்வளவுதான் அதோட வேல.

அடிமூடிய கழட்டிப் பாத்தா உள்ள நசுக்குன மாதிரி ஒரு செம்புக் கொழாய் போவும், ஹீட் பைப்னு பேரு. பாக்க வெறும் செம்பு மாதிரி இருக்கும், எனக்கு இந்த மொத்த மிஷின்லயும் ரொம்பப் பிடிச்ச சாமான் அதுதான். உள்ள காத்த உறிஞ்சி எடுத்துட்டு ஒரு துளி தண்ணி விட்டு அடைச்சிருப்பாங்க. காத்து இல்லாததால தண்ணி 100 டிகிரி வரைக்கும் காத்துக் கெடக்காது, கொறஞ்ச சூட்டுலயே ஆவியாயிரும். சில்லுப் பக்கம் ஆவியாகி, ஃபேன் பக்கம் ஓடி, அங்க குளுந்து மறுபடி தண்ணியாவும், இட்லிக் கொப்பரை மூடில சொட்டு நிக்கிற மாதிரி. அந்தத் தண்ணி திரும்பி வரணும்ல? கொழாயோட உள்சுவர்ல நுணுக்கமான துளைங்க இருக்கும், வெளக்குத் திரி எண்ணெய இழுக்கிற மாதிரியே அது தண்ணிய சில்லுப் பக்கம் இழுத்துட்டு வரும். மோட்டார் கெடையாது, கரண்டு கெடையாது, நாள் பூரா இந்தச் சுத்து நடந்துக்கிட்டே இருக்கும்.

கொழாயோட கடைசில சீப்புப் பல்லு மாதிரி மெல்லிசான தகடுங்க, அதுக்கு நடுவுலதான் ஃபேன் காத்த ஊதும். நோய் பெரும்பாலும் அந்த எடத்துலதான். மாமா லேப்டாப்புல ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவுல கம்பளித் துண்டு வெட்டி வச்ச மாதிரி ஒரு படலம், பீடித்தூளு, தலமுடி, துணி நூலு எல்லாம் சேந்து, எடுத்துப் பாத்தா பொவயில வாசனை. எல்லா ஊர்லயும் தூசி உண்டு, ஆனா நம்ம பக்கம் ஆனி ஆடில காத்து அடிக்கிற அடிக்கு பணகுடிப் பக்கம் காத்தாடி சுத்துறது மட்டுமா, செம்மண்ணும் ஜன்னல் வழியா மேசைக்கு வந்து உக்காந்துரும்.

வெளிய இருந்து பிரஷ் போட்டுத் தொடைச்சா அந்தப் படலம் அசையாது, அது உள்பக்கம் இருக்கு. ப்ளோயர் வச்சு ஊதுறவங்க ஒண்ணு கவனிக்கணும், ஃபேன் றெக்கைய ஒரு குச்சியால பிடிச்சுக்கிட்டுதான் ஊதணும், இல்லன்னா அது தன் அளவுக்கு மீறி சுத்தி பேரிங் போயிரும். ஆஃப் பண்ணி, சார்ஜர கழட்டிட்டுத்தான் எதையும் தொடணும், அத சொல்லணுமா. சில்லுக்கும் செம்புக்கும் நடுவுல இருக்க தெர்மல் பேஸ்டு வருசக்கணக்குல காஞ்சு போவும், அதையும் அப்பவே மாத்திட்டா நல்லது. கண்ணுக்குத் தெரியாத பள்ளத்துல நிக்கிற காத்த வெரட்டத்தான் அந்தப் பேஸ்டு, தோசைக்கல்லுல எண்ணெய் தடவுற அளவு போதும், கூடப் போட்டா அதுவே சூட்டுக்குத் தடை.

பாய்ல வைக்கிறது, மெத்தைல வைக்கிறது, இதப் பத்தி அதிகம் சொல்ல வேண்டாம். காத்து உள்ள போற துளை முக்காவாசி லேப்டாப்புல அடில இருக்கு, பத்தமடைப் பாயா இருந்தாலும் மூக்கப் பொத்துனா பொத்துனதுதான், அதனால பின்பக்கத்த கொஞ்சம் தூக்கி வைக்கச் சொன்னேன் மாமாகிட்ட. கூலிங் பேடு, அதாவது அடில வைக்கிற ஃபேன் தட்டு, அத வாங்கச் சொல்லி நெறைய பேரு சொல்லுதாங்க, எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல, உள்ள அடைச்சுக் கெடக்கும்போது வெளிய இருந்து ஊதி என்ன ஆவப்போவுது.

இந்தச் சூடு சத்தமில்லாம தின்னுற இன்னொண்ணு பேட்டரி. 1991-ல சோனி மொதமொத விக்க ஆரம்பிச்ச லித்தியம் அயான் வகைதான் இன்னைக்கும் நம்ம லேப்டாப்புல, அதுக்கு வழி போட்ட குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூணு பேருக்கும் 2019-லதான் நோபல் குடுத்தாங்க, குட்எனஃப்புக்கு அப்ப 97 வயசு. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிங்க கிராஃபைட் பக்கம் போயி உக்காரும், எறங்கும்போது திரும்பி வரும். கிராஃபைட்டு மேல ஒரு மெல்லிசான ஏடு படியும், அது வளர வளர லித்தியத்த தின்னுக்கிட்டே போவும், சூடு கூடுனாலும் சார்ஜ் ஃபுல்லா நின்னாலும் அது வேகமா வளரும். பாதிக்கும் கொறஞ்ச சார்ஜ்ல, 25 டிகிரில ஒரு வருசம் சும்மா வச்சா 96 சதவீதம் போல கொள்ளளவு மிஞ்சும், 100 சதவீத சார்ஜ்ல 40 டிகிரில வச்சா சுமார் 65தான். நாள் பூரா சார்ஜர் மாட்டியே வேல பாக்குற ஆபீஸ் லேப்டாப்பு எல்லாம் இந்த ரெண்டாவது கதைதான். மாட்டியே வச்சா ஓவர் சார்ஜ் ஆவும்கிறது தப்பு, உள்ள இருக்க சர்க்யூட்டு நிறுத்திரும், ஆனா ஃபுல்லா நிக்கிறதே அதுக்குப் பாரம். இப்ப வர்ற நெறைய லேப்டாப்புல 80 சதவீதத்தோட நிறுத்துன்னு செட்டிங் இருக்கு, அதப் போட்டு விட்டுருங்க. மாசம் ஒருக்கா சுத்தமா எறக்கி ஏத்தணும்னு சொல்லுதது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு. டச்பேடு தூக்கிக்கிட்டு வந்தா உள்ள பேட்டரி கேஸ் கட்டி உப்புதுன்னு அர்த்தம், அமுக்கவோ குத்தவோ கூடாது, ஆஃப் பண்ணிட்டு நேரா மாத்த வேண்டியதுதான்.

மாமா கடைல இன்னொரு கூத்து, லேப்டாப்பு மேல கைய வச்சா சுருசுருன்னு இருந்துச்சு. மூணு பின் சார்ஜர ரெண்டு பின் கன்வெர்ட்டர்ல மாட்டி எர்த்த வெட்டி விட்டிருக்காரு. கரண்டுல இருக்க இரைச்சல வடிகட்ட அடாப்டருக்குள்ள ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கும், அது வழியா ஒரு மில்லி ஆம்பியருக்கும் கொறவா கசியுற கரண்டு எர்த்து வழியா போவணும், எர்த்து இல்லன்னா நம்ம கை வழியா போவும். அந்தக் கசிவு ஆள ஒண்ணும் செய்யாது, நாளைக்கு நெசமாவே உள்ள ஷார்ட் ஆனா காப்பாத்த எர்த்து இல்லங்கிறதுதான் பயம். கன்வெர்ட்டர தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரீஷியன வரச்சொன்னேன்.

அந்தப் படலத்த எடுத்ததுல இருந்து சரியா ஓடுச்சு. ஆடில மாமா போன்ல கூப்ட்டு, "மருமவனே, நீ சொன்ன மாதிரி பின்னாடி ரெண்டு ரீப்பர் கட்டத் துண்டு வச்சு தூக்கி விட்டிருக்கேன், மத்தியானமும் ஓடுது, ஆனா இப்ப நாந்தான் தூங்கிருதேன்"னாரு.