பல்வலி தானாக நின்றதா? உடனே வாருங்கள்

கீழ்த்தாடை முறிந்து ஒருவர் வந்தார். விழவில்லை, யாரும் அடிக்கவில்லை; கருவாட்டைக் கடித்தாராம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், கடைவாய்ப் பல்லின் வேரடியில் தொடங்கிய நீர்க்கட்டி எலும்பை அரித்து, அடியில் ஓர் ஓரத்தை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. "அந்தப் பல்லில் வலி நின்று பல வருடமாகிறதே, டொக்டர்" என்றார்.

மூதூர், கிண்ணியா, குச்சவெளி என்று எங்கிருந்து வந்தாலும் இதே பேச்சுத்தான். கேட்டுக் கேட்டு மனம் சலித்துவிட்டது. இரவெல்லாம் குடைந்த சூத்தைப் பல் ஒருநாள் தானாக அடங்கினால், அது குணமாகவில்லை. உள்ளே நரம்பு செத்துவிட்டது. செத்த நரம்பு எப்படி வலிக்கும்? கிருமி வேர்நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். முகம் வீங்கியதும் பாமசியில் அமொக்சிசிலின் குளிசை வாங்கி விழுங்குகிறீர்கள். வீக்கம் வற்றுகிறது. வற்றியது சீழ், கட்டியல்ல! கட்டியின் உறையைக் கரைக்கும் குளிசை எதுவும் இல்லை.

முளைக்காமல் புதைந்து கிடக்கும் ஞானப்பல்லைச் சுற்றியும் கட்டி வரும். அதற்குச் சூத்தைகூட வேண்டியதில்லை. முற்றிய நிலையில் ஈறின் வெளிப்பக்கத்தை விரலால் அழுத்தினால், மெலிந்த எலும்பு முட்டை ஓடு போல நெரியும். அந்த நெரிவு விரலில் படும்போது எனக்கு வயிறு கலங்கும்.

சிறிய கட்டியை உறையோடு எடுத்துவிடலாம். குழி மாதக்கணக்கில் எலும்பால் தானாகவே நிரம்பும். பெரிதாகி, கீழுதட்டுக்குச் செல்லும் நரம்பை நெருங்கியிருந்தால், வாய்ப்பக்கம் வழி திறந்து, சுருங்க விட்டுப் பிறகு எடுப்போம். அதுவரை சொன்னபடி குழியைக் கழுவுங்கள். இதில் சோம்பல் வேண்டாம். கத்தி பட்டால் புற்றுநோயாகும் என்பது பொய். அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

நிறம் மாறிய பல், ஈறில் வந்து வந்து உடையும் சீழ்க்கொப்புளம், காரணமின்றி ஆடும் பல், கீழுதட்டு மரப்பு: ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.

எடுத்த திசுவின் ஆய்வு அறிக்கையை வாங்காமல் இருந்துவிடாதீர்கள். எக்ஸ்ரேயில் சாதாரண நீர்க்கட்டி போலவே தெரியும் கெரட்டோசிஸ்ட் என்ற வகைக் கட்டி சில வருடங்கள் கழித்தும் திரும்ப வளரும். தாடை எலும்பை அரித்துப் பரவும் அமெலோபிளாஸ்டோமா என்ற கட்டி என்றால் சிகிச்சையே வேறு. வெளிநாட்டு வேலைக்குப் போவதானாலும் அந்த அறிக்கையையும் எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுபோங்கள். அங்கும் குறித்த தவணைக்குத் தாடையைக் காட்டுங்கள்.