"செல்லமாத்தான் கூப்பிடுறோம் டாக்டர்"

இந்த மாதத்தில் இது நான்காவது குழந்தை. ஒன்பது வயதுப் பையன், பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வயிற்றுவலி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து, ஒன்றுமில்லை என்றதும் மனநல ஆலோசனைக்கு என்னிடம் அனுப்பியிருந்தார்கள். வகுப்பில் அவனை 'குண்டு' என்று கூப்பிடுகிறார்களாம். ஏன்பா வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன். "வீட்லயும் அப்படித்தான கூப்பிடுறாங்க" என்றான்.

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "செல்லமாத்தான் டாக்டர். நாளைக்கு வெளியில நாலு பேர் சொன்னா தாங்கிக்கணும்ல?"

இந்தத் 'தாங்கிக்கணும்ல'வைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கிண்டல் என்ன தடுப்பூசியா, வீட்டில் கொஞ்சம் போட்டு வைத்தால் வெளியே எதிர்ப்புச் சக்தி வர? வகுப்பில் ஒருவன் சொன்னால், 'அவன் கிடக்கிறான்' என்று தள்ளிவிடக் குழந்தைக்கு வழியிருக்கிறது. பெற்றவர்களே சொன்னால் அது உண்மை என்றாகிவிடுகிறது. கேலி செய்தால் ரோஷம் வந்து எடையைக் குறைப்பான் என்பதும் நடக்காது. வீட்டில் எடைக்காகக் கேலிக்கு ஆளாகும் பிள்ளைகளிடம் பின்னாளில் ஒளித்துச் சாப்பிடுவது, பட்டினி கிடப்பது, எடை இன்னும் கூடுவது எல்லாம் அதிகம் என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. நிஜமாகவே கவலை என்றால் குழந்தைகள் மருத்துவரிடம் கேளுங்கள். (பூப்பெய்தும் வயதுக்குச் சற்று முன் பல பிள்ளைகள் சதை போட்டு, அப்புறம்தான் உயரம் பிடிப்பார்கள்.)

"யார் சொன்னா? உலகத்திலேயே நீதான் அழகு" என்று அடித்துச் சொல்வதும் வேலைக்காகாது. பிள்ளையும் கண்ணாடி பார்க்கிறது. "அவன் அப்படிச் சொன்னதும் உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். புத்திமதி அப்புறம்.

பதிலைப் பழக்கலாம். "ஆமா, என் காது பெரிசுதான், அதுக்கென்ன?" என்று ஒரு சிறுமி தன் அண்ணனோடு ஒரு வாரம் சொல்லிப் பார்த்தாள், அழாமல், கத்தாமல். ஆனால் கும்பலாகவோ தினமுமோ நடந்தால் அதைக் குழந்தையின் தலையில் கட்டாதீர்கள். என்றைக்கு, யார், என்ன சொன்னார்கள் என்று எழுதிக்கொண்டு வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள்.

உங்கள் தொப்பையையும் நிறத்தையும் பிள்ளை காதுபடத் திட்டிக்கொள்வதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

சாப்பாட்டைத் தவிர்க்கிறது, வியர்த்து வழிந்தாலும் உடம்பை மூடிக்கொள்கிறது என்றால் கூட்டி வாருங்கள். "நான் இல்லாம இருந்தா நல்லாருக்கும்" என்றால் அன்றைக்கே.

கிளம்பும்போது அந்த அப்பா, பழக்க தோஷத்தில், "வாடா குண்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பையன் நிமிர்ந்து பார்த்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.