நாப்கினை எண்ணி வருமானம் கண்டுபிடிப்பது

இத்தாலியில் ஒரு உணவகம். முதலாளி காட்டும் கணக்கில் வரி அதிகாரிக்கு நம்பிக்கை இல்லை. அதற்காகக் கல்லாப்பெட்டி பக்கத்தில் வருஷம் முழுக்க உட்கார்ந்திருக்க முடியுமா? சலவை பில்லை எடுத்து வரச் சொல்கிறார். சாப்பிட வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு துணி நாப்கின் அழுக்காகும். உதாரணத்துக்கு, வெளுக்கப் போனது 12,000 என்று வைத்துக்கொள்வோம். வேலையாட்கள் எடுத்தது, கறை துடைத்தது என்று தாராளமாகக் கழித்தாலும் 10,000 சாப்பாடு தேறும். கணக்கில் இருப்பதோ 6,000. மீதி எங்கே?

இப்படிக் கணக்கிடுவதை அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. காபிக் கடைக்கும் இதே வைத்தியம்தான். ஒரு எஸ்பிரெசோவுக்குச் சுமார் 7 கிராம் தூள். கிலோவுக்கு 140 கப்.

சொந்தத் தொழில்காரரிடம் மட்டும் ஏன் இந்தத் துப்பறியும் வேலை? சம்பளக்காரரின் வருமானத்தைக் கம்பெனியே சொல்லிவிடுகிறது, வரியையும் பிடித்துக்கொள்கிறது. முடி திருத்துபவரின் வருமானத்தைச் சொல்ல அவரைத் தவிர ஆள் இல்லை. அமெரிக்க வரித்துறையின் மதிப்பீட்டில், சம்பளத்தில் கணக்கில் வராமல் போவது சுமார் 1 சதவீதம். வேறு யாரும் தகவல் தராத, பிடித்தமும் இல்லாத வருமானத்தில் அது பாதிக்கும் மேல். சம்பளக்காரர்கள் உத்தமர்கள் என்று அர்த்தமில்லை. அவர்களுக்கு வாய்ப்பு இல்லை, அவ்வளவுதான்.

சரி, லட்சக்கணக்கான கடைகளின் நாப்கினை யார் எண்ணுவது? இத்தாலி அந்த வேலையைக் கணினியிடம் கொடுத்தது. 1998ஆம் ஆண்டு வருமானத்திலிருந்து அமலுக்கு வந்த முறை அது. மென்பொருளின் பெயர் ஜெரிகோ. (மதில் இடிந்து விழுந்த பைபிள் ஊரான எரிகோவுக்கும் இத்தாலிய மொழியில் இதே பெயர்தான். யார் குறும்போ!) முதலில் ஒரே தொழிலில் இருப்பவர்களைச் சிறு கூட்டங்களாகப் பிரிப்பார்கள். மிலான் நகரத்து அழகு நிலையத்தையும் மலைக்கிராமத்து முடி திருத்தகத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாதே. அப்புறம் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சூத்திரம்: இத்தனை நாற்காலி, இத்தனை ஆள், இவ்வளவு சதுர மீட்டர், வாங்கிய சரக்கு இவ்வளவு என்றால் வியாபாரம் ஏறக்குறைய இவ்வளவு இருக்க வேண்டும். காட்டிய தொகை அதற்குக் கீழே போனால் சந்தேகப் பட்டியல்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மென்பொருளை வரி கட்டுபவருக்கே கொடுத்தார்கள். எண்களைப் போட்டால், தேறினீர்களா இல்லையா என்று அதுவே சொல்லும். அப்புறம் நடந்ததை ஊகிப்பது கஷ்டமில்லை. கணினி கேட்ட தொகையை ஒட்டியே பலரும் கணக்குக் காட்டினார்கள். குறைவாகக் காட்டியவர்கள் கொஞ்சம் ஏற்றிக்கொண்டார்கள். அதைவிட அதிகம் சம்பாதித்தவர் எதற்காக மேலே போக வேண்டும்? நாலு நாற்காலியை மூன்று என்று எழுதவும் வழி இருந்தது.

அமெரிக்கா நேர்மாறு. 1969இலிருந்து அங்கே கணினி ஒவ்வொரு வரிப் படிவத்துக்கும் 'டிஐஎஃப்' என்ற மதிப்பெண் போடுகிறது; மதிப்பெண் ஏற ஏறச் சந்தேகமும் ஏறும். சூத்திரம் பரம ரகசியம். அதைக் கணினிக்குக் கற்பித்த விதம்தான் எனக்குப் பிடித்த பகுதி. 1960களிலிருந்து 1980களின் கடைசி வரை, சில வருஷங்களுக்கு ஒருமுறை குலுக்கல் முறையில் பல்லாயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, படிவத்தின் ஒவ்வொரு வரியையும் சோதித்தார்கள். எந்தத் தப்பும் செய்யாதவரும் ரசீதுக் கட்டோடு போய் உட்கார வேண்டியிருந்தது. கொடுமைதான். ஆனால் சந்தேகப்பட்டவர்களை மட்டும் சோதித்தால், ஏற்கெனவே சந்தேகப்பட்டதை மட்டுமே கணினி கற்றுக்கொள்ளும். யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் ஒளிந்திருப்பவர் கடைசிவரை அகப்படமாட்டார். எதிர்ப்பு வலுத்து நின்றுபோன இந்தச் சோதனை, 2001ஆம் ஆண்டுக் கணக்குகளிலிருந்து கெடுபிடி குறைந்த வடிவில் திரும்ப வந்தது.

சோதனையில் மாட்டியவர்களையும் தப்பில்லாதவர்களையும் பிரித்துக் காட்டுவது எந்த எண்? வரவோடு ஒப்பிட்டால் கார் செலவா, வருஷா வருஷம் வரும் நஷ்டமா? ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை போடுவது என்பதைப் புள்ளியியல் முடிவு செய்கிறது. அதிக மதிப்பெண் வாங்கிய படிவத்தை ஒரு மனிதர் புரட்டிப் பார்ப்பார். நியாயமான காரணம் கண்ணில் பட்டால் ஒதுக்கி வைத்துவிடுவார்.

இந்த மனிதர் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. கணினி திருட்டைப் பார்ப்பதில்லை. சக தொழில்காரர்களிடமிருந்து யார் விலகி நிற்கிறார் என்பதைத்தான் பார்க்கிறது. கை ஒடிந்து மூன்று மாதம் கடையை மூடியவரும் விலகித்தான் நிற்பார். 2009இல் இத்தாலிய உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்துக்கொண்டது: சூத்திரம் சொல்வது வெறும் ஊகம்; சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்காமல் அதை மட்டும் வைத்து வரி போட முடியாது. 2018ஆம் ஆண்டு வருமானத்திலிருந்து பழைய முறைக்குப் பதிலாக 1 முதல் 10 வரை நம்பகத்தன்மை மதிப்பெண் வந்துவிட்டது. 8 வாங்கினால் சலுகைகள் தொடங்கும், 6ஐத் தாண்டாவிட்டால் கண்காணிப்பு. மென்பொருளில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கிறது. கை ஒடிந்த கதையை அங்கே எழுதலாம்.